45-ஆம் நாள் ஊசியும் ஒரு சிறு ஒலியும்: பச்சிளங்குழந்தைகளின் செவிச் சோதனை

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை நிரந்தரக் காது கேளாமையுடன் பிறக்கின்றன. பிறவிக் குறைபாடுகளில் இந்த அளவுக்குப் பரவலானவை சிலவே. இந்த அளவுக்குக் கண்ணில் படாதவை அதைவிடக் குறைவு. உதடு பிளந்திருந்தால் பேறுகால அறையிலேயே தெரிந்துவிடும். பாதம் வளைந்திருந்தால் குளிப்பாட்டும் பாட்டி கண்டுகொள்வாள். காது கேளாத குழந்தையோ மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், பால் குடிக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்று நான்கு மாதத்தில் 'ஙா ஙா' என்று மழலைகூடப் பேசும்; அதற்குக் காது தேவையில்லை. பிறகு அந்த மழலை மெல்லத் தேய்ந்து போகும். வீட்டார் அதைக் கவனிப்பதற்குள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயது ஆகிவிடும்.

தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கும் புன்னைக்காயல் போன்ற ஒரு கடற்கரை ஊரில், சந்தேகம் வந்த வீட்டில் நடக்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தைக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார்கள். குழந்தை திரும்பும். "கேக்குது, கேக்குது" என்று சந்தேகம் அத்தோடு முடிந்துவிடும். இந்தச் சோதனையில் மூன்று ஓட்டைகள் உண்டு. தட்டின் ஓசை மிக உரத்தது. பேச்சொலி கேட்காத காதுக்கும் அது எட்டிவிடலாம். தட்டுபவரின் நிழலோ கையசைவோ தரை அதிர்வோ குழந்தையைத் திரும்ப வைக்கலாம். ஒரு காது மட்டும் கேட்டாலும் குழந்தை திரும்பும். அதன் பிறகும் பேச்சு வராவிட்டால், "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற ஆறுதல் வரும். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவார்கள். வசம்பு தடவுவதைவிடக் குழந்தையைப் பாதிப்பது அதை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள்தான்.

கரு ஏறத்தாழ 25 வாரத்திலேயே ஒலிகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பின் வரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளையின் கேட்கும் பகுதி, வந்து சேரும் ஒலிகளைக் கொண்டே தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஒலி வராவிட்டால் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. பார்வை போன்ற பிற புலன்கள் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். ஆகவே இரண்டு வயதில் கொடுக்கும் காதொலிக் கருவியும் நான்கு மாதத்தில் கொடுக்கும் கருவியும் ஒரே கருவியானாலும் ஒரே பலனைத் தருவதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி தொடங்கிய குழந்தைகள், அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே நின்றார்கள். கேளாமையின் அளவு எதுவானாலும் இந்த வேறுபாடு இருந்தது. உலகெங்கும் இன்று சொல்லப்படும் '1-3-6' கணக்குக்கு வலுவூட்டியவற்றுள் இந்த ஆய்வு முக்கியமானது: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும்.

எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பது என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் எளிதில் வந்துவிடவில்லை. 1960-களில் டென்வரில் மேரியன் டவுன்ஸ், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளிடம் உரத்த ஒலி எழுப்பி, கண் சிமிட்டுகிறதா, உடல் அதிர்கிறதா என்று பார்க்கும் முறையை ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் முயன்றார். பார்ப்பவரின் கண்ணை நம்பிய சோதனை என்பதால் பிழைகள் மிகுந்தன. 1969-இல் அமெரிக்காவில் குழந்தைச் செவித்திறனுக்கான கூட்டுக்குழு உருவானது. அது 1970-களில் வேறு வழியைச் சொன்னது: யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களை மட்டும் பட்டியலிட்டுச் சோதிக்கலாம். செலவு குறைவு, தர்க்கமும் சரி. ஆனால் ஒரே ஓர் உண்மை அந்தப் பட்டியலைச் சாய்த்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் எந்த ஆபத்துக் காரணியும் தென்படுவதில்லை. பட்டியலை எவ்வளவு சீராகப் பின்பற்றினாலும் பாதிப்பேர் நழுவிப் போவார்கள்.

வழியைத் திறந்துவிட்டது கருவிதான். 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் ஒரு விந்தையைக் கண்டார்: காது ஒலியை வாங்குவதோடு நிற்காமல், தானும் ஒலி எழுப்புகிறது. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் உள்ள வெளி மயிரணுக்கள், ஒலி வந்ததும் துள்ளுகின்றன. அந்தத் துள்ளல் மிக மெல்லிய எதிரொலியாகச் செவித்துளைக்குத் திரும்பி வருகிறது. மயிரணுக்கள் பழுதானால் எதிரொலி இல்லை. மருத்துவமனைகளில் 'ஓஏஇ' என்று சொல்லப்படும் சோதனை இதுதான். உறங்கும் குழந்தையின் காதில் ரப்பர் நுனி கொண்ட சிறு குழலைப் பொருத்துவார்கள். குழலுக்குள் சின்ன ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் இருக்கும். ஒரு காதுக்குச் சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை ஆகும். திரையில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். வலி இல்லை, ஊசி இல்லை, குழந்தை விழிக்கக்கூட வேண்டியதில்லை.

'ரெஃபர்' என்றால் காது கேட்கவில்லை என்று பொருளல்ல. இந்த ஒரு சொல்லைத் தாய்க்கு விளக்காமல் விட்டதால் வீடு திரும்பி அழுது தீர்த்தவர்களும் உண்டு, அலட்சியமாக விட்டவர்களும் உண்டு. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் செவித்துளையில் வெண்மெழுகுப் பூச்சும் நடுச்செவியில் நீரும் தேங்கியிருக்கும். அறுவைப் பேற்றில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த நீர் வடிய இன்னும் சற்று நேரம் ஆகலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பேறுகள் அறுவைப் பேறுகள் என்பதால் இது சிறிய விஷயமல்ல. வீட்டில் எண்ணெய்க் குளியலின்போது காதில் விடும் எண்ணெயும் குழலின் வாயை அடைக்கும். ஆகவே 24 மணி நேரம் கழிந்த பின், வீடு திரும்புவதற்கு முன் சோதிப்பதும், தேறாவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி சோதிப்பதும் நடைமுறை. இரண்டாம் முறை சோதிக்கும்போது முதல் தடவை 'ரெஃபர்' ஆனவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். அதிலும் தேறாதவர்களுக்கே 'பெரா' தேவைப்படும்.

பெரா என்பது காதிலிருந்து மூளைத்தண்டு வரை செல்லும் நரம்பின் மின்னலைகளை நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய மின்வாய்கள் வழியே பதிவு செய்யும் சோதனை. ஜூவெட், வில்லிஸ்டன் இருவரும் 1971-இல் அந்த அலைகளை விரிவாக விளக்கிக் காட்டினர். ஓஏஇ சொல்லாத ஒன்றைப் பெரா சொல்லும். சில குழந்தைகளுக்கு மயிரணுக்கள் நலமாக இருக்கும், எதிரொலியும் வரும். ஆனால் நரம்பு அந்தச் செய்தியைச் சீராகக் கடத்தாது. கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளிடம் இந்த நரம்புக் கோளாறு குறிப்பாகப் பேசப்படுகிறது. இரத்தத்தில் மிகுந்த பிலிருபின் மூளைத்தண்டிலுள்ள செவி நரம்பணுக்களைத் தாக்குகிறது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் கிடந்த குழந்தைகளுக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெரா வகைச் சோதனை வேண்டும் என்பது விதி. பிறந்த குழந்தையின் மஞ்சள் நிறத்தைக் காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று விடும் பழக்கம் இந்த இடத்தில் ஆபத்தானது. லேசான காமாலை தானாகப் போய்விடும். இரத்தம் மாற்ற வேண்டிய அளவுக்குப் போன காமாலை கேட்கும் திறனையும் பறித்துக்கொண்டு போகலாம்.

ஆபத்துக் காரணிகளின் பட்டியல் தனியாகச் சோதனைக்குப் போதாது என்றாலும் அதன் பயன் போய்விடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளிடம் கேளாமை மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். குறைமாதம், மிகக் குறைந்த எடை, பிறக்கும்போது மூச்சுத் திணறல், செயற்கைச் சுவாசம், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் எல்லாம் ஒரே குழந்தையின் மேல் சேர்ந்து விழுவதால், எது காதைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த மருந்துகள் உயிர் காப்பவை. கிருமி இரத்தத்தில் பரவிய குழந்தைக்குக் காதை நினைத்து மருந்தை நிறுத்த முடியாது. ஆனால் தாய்வழியில் வரும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணு மாற்றம் உடையவர்களுக்கு மிகச் சிறு அளவு மருந்தே காதைச் செயலிழக்கச் செய்துவிடும். தாய்வழிச் சொந்தத்தில் 'ஊசி போட்ட பின் காது போனவர்' யாராவது இருந்தால், அந்தச் செய்தி மருத்துவரிடம் சொல்லத் தக்கது.

தாயின் கருவிலேயே காதைத் தாக்கும் நோய்களில் ரூபெல்லா பழைய எதிரி. கண்புரையுடன் பிறந்த குழந்தைகளை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் தாயின் ரூபெல்லாவோடு இணைத்துக் காட்டினார். கேளாமை அதனோடு சேர்ந்து வருவது விரைவில் தெரிந்தது. தாய்க்குச் சில நாள் லேசான காய்ச்சலும் தடிப்பும் மட்டுமே வந்து போகும். குழந்தைக்கோ கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றில் முதலில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் இந்த எதிரியையும் எதிர்த்துத்தான். அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள்.  சைட்டோமெகலோ வைரஸ் இன்னும் தந்திரமானது. தாய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. குழந்தை பிறந்தபோது சோதனையில் தேறிவிடலாம். மாதங்கள் கழித்துக் கேட்கும் திறன் இறங்கத் தொடங்கலாம். பிறவித் தொற்றா என்று உறுதிப்படுத்த எச்சில் அல்லது சிறுநீரை முதல் மூன்று வாரத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்குப் பின் எடுத்தால் பிறவியில் வந்ததா பின்னர் வந்ததா என்று பிரிக்க இயலாது.

தமிழ்நாட்டில் ஆபத்துக் காரணிப் பட்டியலில் முக்கிய இடம் குடும்பத்துக்குத்தான். அக்கா மகளை மணப்பதும், மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பதும் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக உண்டு. மேற்சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் உறவுத் திருமணம். பரம்பரைக் கேளாமையில் பெரும்பகுதி ஒடுங்கு மரபணுக்களால் வருவது. அதாவது தாய், தந்தை இருவரும் நன்றாகக் கேட்பவர்களாகவே இருப்பார்கள். இருவரிடமும் ஒரே பழுதுபட்ட மரபணு ஒவ்வொரு பிரதி மறைந்திருக்கும். நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் குழந்தைக்குச் சேரும். கனெக்சின்-26 என்ற புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இந்தியர்களிடம் மிகுதி. மாமன் மகள்–அத்தை மகன் இருவர் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவில் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. மறைந்த பிரதிகள் சந்திக்கும் வாய்ப்பு இதனால் ஏறுகிறது.

புன்னைக்காயல் பரதவர்களின் ஊர், கத்தோலிக்க ஊர். 16-ஆம் நூற்றாண்டில் தமிழ் கற்று அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் பணியாற்றிய இடம். திருச்சபைச் சட்டம் இவ்வளவு நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுக்கிறது. செய்ய வேண்டுமானால் ஆயரிடம் விலக்கு அனுமதி பெற வேண்டும். ஆக, உறவு முறை பற்றிய கேள்வி திருமணத்துக்கு முன்பே பங்குக் கோயிலின் ஏட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. அதே கேள்வியைக் கர்ப்பிணியைப் பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியரும் கேட்டு, 'வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே காது கேட்காதா?' என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆபத்துப் பட்டியலில் அதற்கு ஓர் இடம் இருக்கும். முத்துக்குளிக்கவும் சங்கு குளிக்கவும் போனவர்களின் செவிப்பறை கிழிவதை இந்தக் கரை நன்றாக அறியும். அந்தக் காதுக்குத் தழும்பு உண்டு, வலி உண்டு, கதை உண்டு. பிறவியில் கேளாத காதுக்கு அவை எதுவும் இல்லை.

இந்திய ஏற்பாடுகள் தாமதமாகத் தொடங்கினாலும் காகிதத்தில் முறையாகவே இருக்கின்றன. 2007-இல் சில மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய தேசியக் கேளாமைத் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டம் இரு வழி வகுத்தது: மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கருவிச் சோதனை, மற்றவர்களுக்குத் தடுப்பூசிக்கு வரும்போது பணியாளர் கேட்கும் கேள்விகளும் எளிய ஒலிச் சோதனையும். 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைநலத் திட்டம் பிறவிக் கேளாமையைத் தன் 30 நோய்களில் ஒன்றாகச் சேர்த்து, மாவட்டம்தோறும் ஆரம்பகால இடையீட்டு மையத்தைத் திட்டமிட்டது. கேரளத்தில் கொச்சி, 2003-லேயே ஒரு சிக்கன வழியைக் காட்டியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கருவி வாங்குவதற்குப் பதில், ஒரு கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் குறித்த நாள்களில் பல மருத்துவமனைகளைச் சுற்றி வந்தார்கள். அங்கே சோதிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் நிரந்தரக் கேளாமை இருந்தது. ஆபத்துக் குழந்தைகளிடம் ஆயிரத்துக்குச் சுமார் பத்து. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தினர் இன்னும் எட்டிப் போனார்கள்: கிராமப் பணியாளர்கள் வீட்டிலேயே ஓஏஇ செய்ய, தேறாத குழந்தைகளின் பெராவைச் சென்னையிலிருந்து ஆடியாலஜிஸ்ட் இணைய வழியே நடத்தினார். 2017-இல் பெங்களூரு சோஹம் நிறுவனம் உள்நாட்டிலேயே ஒரு மூளைத்தண்டு அலைச் சோதனைக் கருவியை வெளியிட்டது. கருவியும் அறிவும் இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை.

நழுவல் வேறிடத்தில் நடக்கிறது. முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவே. உலகெங்கும் இந்தத் திட்டங்களின் பலவீனம் அதுவே என்றாலும், தமிழ்நாட்டில் அதற்கென ஒரு தனி வடிவம் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். புன்னைக்காயலில் வாழ்க்கைப்பட்ட பெண் உவரியிலோ வேம்பாரிலோ உள்ள தன் அம்மா வீட்டருகே பெற்றெடுக்கிறாள். மூன்று அல்லது ஐந்தாம் மாதம் கணவன் வீடு திரும்புகிறாள். சோதனைச் சீட்டு ஓர் ஊரிலும் குழந்தை வேறோர் ஊரிலும் போய்விடுகின்றன. 'இரண்டு வாரத்தில் வாருங்கள்' என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவமனை, நாற்பது நாள் கழியாமல் பிள்ளை பெற்றவளை வெளியே அனுப்பாத வீட்டு வழக்கத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. கணவன் கடலுக்குப் போயிருப்பான். கூட வர மாமியாரோ நாத்தனாரோ வேண்டும். தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பேருந்து பிடிக்க வேண்டும். பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். அது பேருந்தின் ஆட்டத்தில் அருமையாகத் தூங்கும். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் விழித்துக்கொள்ளும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் தூங்க வைக்க மருந்து தேவைப்படலாம். சில வாரக் குழந்தைக்குப் பால் போதும்.

இதற்கு வழி புதிய கட்டடத்தில் இல்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாள்காட்டியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில். தடுப்பூசியைத் தவறவிடும் தாய்மார் மிகக் குறைவு. '45 நாள் ஊசி' என்று எல்லோரும் சொல்லும் ஆறாவது வாரத் தவணை, நாற்பது நாள் கழிந்ததும் வருகிறது. தாய்வீட்டில் இருந்தாலும் கணவன் வீட்டில் இருந்தாலும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குத் தாய் வருவாள். இரண்டாம் ஓஏஇ அங்கே, அன்றே நடந்தால் பாதி நழுவல் நின்றுவிடும். பதினான்காவது வார ஊசி, நோயறிதலுக்கான மூன்று மாதக் கெடுவை ஒட்டி விழுகிறது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி, பிறப்பில் தேறினாலும் ஆபத்துக் காரணி உள்ள குழந்தைகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டுக்குழுவின் 2019 அறிக்கை சொல்லும் வயதில் வருகிறது. ஊசி அட்டையில் காதுக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் பிக்மி எண்ணோடு சோதனை முடிவும் ஏறினால், ஊர் மாறும் குழந்தையை அது பின்தொடரும்.

குறை உறுதியான பின் போகும் வழி முன்னைவிட அகலமாகிவிட்டது. காதொலிக் கருவி எந்த மாதத்திலும் பொருத்தலாம். அதனால் பயன் போதாத, இரு காதும் மிகக் கடுமையாகக் கேளாத குழந்தைகளுக்கு அறுவையில் உட்செவிக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். 2009-இல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டத்திலும் அதன் வழியில் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை ஏழைக் குழந்தைகளுக்குச் சேர்க்கப்பட்டது. வயது வரம்பு ஆறு. ஆறு என்ற எண்ணைப் பார்த்து 'நேரம் இருக்கிறது' என்று நினைப்பது தவறு. அது காப்பீட்டின் வரம்பு. மூளையின் வரம்பு அதற்கு வெகு முன்னால். அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் செவிப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். சென்னை பால வித்யாலயா 1969 முதல் கைக்குழந்தைகளையும் தாய்மாரையும் சேர்த்துப் பயிற்றி வருகிறது. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய பள்ளி, நெல்லைச் சீமையின் காது கேளாத பிள்ளைகளுக்கு இன்றும் கல்வி தருகிறது. கருவி வேண்டாம், அல்லது பயன் தராது என்ற குடும்பங்களுக்கும் விரைந்த கண்டறிதல் வீணல்ல. சைகை மொழியும் மொழிதான். அதையும் முதல் ஆண்டிலேயே தொடங்கினால்தான் குழந்தையின் சிந்தனைக்கு மொழி கிடைக்கும்.

'பாஸ்' என்ற சொல்லும் இறுதித் தீர்ப்பு அல்ல. மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை, தலையில் பலத்த அடிபட்ட குழந்தை, சைட்டோமெகலோ வைரஸோடு பிறந்த குழந்தை ஆகியோர் பின்னர் கேட்கும் திறனை இழக்கலாம். பரம்பரைக் கேளாமையிலும் தாமதமாக வெளிப்படுபவை உண்டு. கூட்டுக்குழுவின் பட்டியலில், நோய்களோடும் மருந்துகளோடும் சேர்த்து ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: பெற்றோரின் சந்தேகம். 'கூப்பிட்டால் திரும்பவில்லை' என்று தாய் சொன்னால், தட்டைத் தட்டிப் பார்க்காமல் கருவியில் சோதிக்கப் போதுமான காரணம் அது.

மகப்பேறு மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் 'ரெஃபர்' என்று எழுதியிருந்தாலோ, காதுச் சோதனை பற்றி எதுவுமே எழுதியிராவிட்டாலோ, 45 நாள் ஊசிக்குப் போகும்போது அந்தச் சீட்டையும் கையோடு கொண்டு போக வேண்டும்.